செல் முதுமையையும் புற்றுநோயையும் ஒரே ஜீன்களா கட்டுப்படுத்துகின்றன?

பெருமளவு ஆம். குரோமோசோம் நுனியான டெலோமியரில் டிடிஏஜிஜிஜி என்ற ஆறெழுத்து டிஎன்ஏ வரிசை ஆயிரக்கணக்கான முறை திரும்ப வரும். செல் பிரியப் பிரிய அது தேயும். சோதனைக்கூடத்தில் சாதாரண மனித செல் 40 முதல் 60 முறை பிரிந்தபின் நின்றுவிடும்; இதுதான் செல் முதுமை. தேய்ந்த நுனியை உடைந்த டிஎன்ஏ என்று செல் எடுத்துக்கொள்ள, பி53 ஜீன் பி21 என்ற இன்னொரு ஜீனை முடுக்கிப் பிரிதலை நிறுத்தும். பி16 ஜீன் வேறு வழியில், பிரிதலைத் தடுக்கும் ஆர்பி புரதத்தின் மூலம் அதையே செய்யும்.

இந்தக் காவல் போனால்தான் வம்பு. எச்பிவி வைரஸின் ஈ6 புரதம் பி53-ஐச் சிதைக்கும், ஈ7 ஆர்பியை முடக்கும். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு வரும் கருப்பைவாய்ப் புற்றுகளில் பெரும்பாலானவற்றின் பின்னணி இதுதான். ஆனால் காவல் போனது மட்டும் போதாது. நுனி முற்றிலும் தேய்ந்தால் அந்தச் செல்லும் சாகும். டெர்ட் ஜீன் விழித்து, நுனியை மீண்டும் நீட்டும் டெலோமரேஸ் நொதி உருவானால் சாகாவரம். சுமார் 85–90% புற்றுகளில் இது நடக்கிறது. எனவே இளமைக்கென்று ‘டெலோமியர் நீட்டும்’ மாத்திரை வாங்குமுன் யோசியுங்கள்.