டோபியா, ஆண்ட்ரூவா? ஸ்பைடர்மேன் நடிகர் தேர்வு: கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே ஸ்பைடர்மேன் பற்றியவை. சாம் ரெய்மி இயக்கிய மூன்று படங்கள் (2002, 2004, 2007) ஒரு பக்கம். அதே கதையை முதலிலிருந்து தொடங்கி (இதைத்தான் 'ரீபூட்' என்கிறார்கள்) மார்க் வெப் எடுத்த இரண்டு 'அமேசிங்' படங்கள் (2012, 2014) மறுபக்கம். கதை, கிராபிக்ஸ் எல்லாம் இன்னொரு நாள் பேசலாம். இன்று நடிகர்கள் மட்டும்.

கேள்வி: அக்கா, சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். டோபி மெக்வயரா, ஆண்ட்ரூ கார்ஃபீல்டா?

"பீட்டராக டோபி, ஸ்பைடர்மேனாக ஆண்ட்ரூ" என்று ஒரு பதில் ரொம்ப நாளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. (முகமூடியைக் கழற்றினால் ஸ்பைடர்மேன்தான் பீட்டர்.) எனக்கு அதில் உடன்பாடு இல்லை. என்னைக் கேட்டால், டோபியைத் தனியாக இருக்கும்போது பாருங்கள். ஆண்ட்ரூவை எதிரில் இன்னொருவர் இருக்கும்போது பாருங்கள்.

'த சைடர் ஹவுஸ் ரூல்ஸ்' (1999) படத்தில் பார்த்துவிட்டுத்தான் ரெய்மிக்கு டோபி மேல் நம்பிக்கை வந்தது. ஸ்டுடியோவுக்கு வரவில்லை. இவ்வளவு அமைதியான பையன் ஒரு சண்டைப் படத்தைத் தாங்குவானா என்று தயங்கினார்கள். ஸ்கிரீன் டெஸ்ட் எடுத்துக் காட்டிய பிறகுதான் சம்மதித்தார்கள். எதையும் மறைக்கத் தெரியாத முகம் டோபிக்கு. இரண்டாம் படத்தில் ஓடும் ரயிலை நிறுத்திவிட்டு மயங்கி விழுகிறான். முகமூடி இல்லை. பயணிகள் அவனைத் தலைக்கு மேல் தூக்கிக் கைமாற்றி உள்ளே கொண்டுபோய்ப் படுக்கவைக்கிறார்கள். டோபி அப்போது கண்ணை மூடிக் கிடக்கிறார், அவ்வளவுதான். ஆனாலும் "சின்னப் பையன்" என்று ஒரு பயணி சொல்லும்போது நமக்குத் தொண்டை அடைக்கிறது.

ஆண்ட்ரூ மேடை நாடகத்தில் பழகியவர். எதிரில் இருப்பவர் எறிவதைப் பிடித்து, அதை உடம்பாலேயே திருப்பி எறிவார். பள்ளி வராந்தாவில் காதலி க்வெனை வெளியே கூப்பிடும் காட்சியை நினைத்துப் பாருங்கள். 'ஏதாவது செய்யலாம், இல்லையென்றால் வேறு ஏதாவது' என்று இரண்டு பேரும் இழுக்கிறார்கள், ஒரு வாக்கியமும் முடியவில்லை, ஆனால் சம்மதம் கிடைத்துவிடுகிறது. அந்தக் காட்சியை டோபியால் அப்படிச் செய்திருக்க முடியாது. ரயில் காட்சியை ஆண்ட்ரூவால் அப்படிச் செய்திருக்க முடியாது.

கேள்வி: ரீபூட் எடுத்ததே பீட்டரைத் திரும்பப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பத்தானே? அப்படியானால் இளம் நடிகரைப் போட்டிருக்க வேண்டாமா?

ஆமாம், அந்த முரண்பாடு எனக்கும் உறுத்தும். 2002 படம் வெளிவந்தபோது டோபிக்கு 26 வயது. அதில் பாதிக் கதைக்குள் பள்ளி முடிந்துவிடும். 2012 படம் முழுக்கப் பள்ளிக் காலத்தில் நடக்கிறது, அது வெளிவந்தபோது ஆண்ட்ரூவுக்கு 28. டாம் ஹாலண்டின் முதல் தனிப்படம் 2017இல் வந்தபோதுதான் 21 வயதுக்காரர் ஒருவர் பீட்டராகப் பள்ளிப் பையைத் தூக்கினார். ஆனாலும் ஆண்ட்ரூவின் தோள் குறுகல், கண்ணைப் பார்க்காமல் பேசுவது எல்லாம் வயதை ஓரளவு மறைத்துவிடுகிறது.

கேள்வி: மேரி ஜேனையும் க்வெனையும் ஒப்பிடவே கூடாது என்கிறார் என் தோழி. இரண்டும் வேறு பாத்திரங்களாம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

தோழி சொல்வது பாதி சரி. மேரி ஜேன் ரெய்மி படங்களில் பீட்டரின் காதலி, க்வென் வெப் படங்களில். ஆனால் ரெய்மியின் மூன்றாம் படத்தில் ஒரு க்வென் இருக்கிறாளே, அவளோடு ஒப்பிடலாம்!

முதலில் தலைமுடிக் கதையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு ரொம்பப் பிடித்த கதை. மேரி ஜேன் செம்பட்டை முடிக்காரி. அதில் நடித்த கிர்ஸ்டன் டன்ஸ்டுக்கோ பொன்னிற முடி. க்வென் பொன்னிற முடிக்காரி. 2007இல் அவளாக வந்த பிரைஸ் டல்லஸ் ஹோவர்டுக்கு இயல்பில் செம்பட்டை முடி. இரண்டு பேரும் அடுத்தவர் நிறத்தைத் தலையில் சுமந்தார்கள். அப்புறம் ரீபூட்டுக்கு எம்மா ஸ்டோன் வந்தார். அதுவரை செம்பட்டை முடியோடுதான் எல்லோரும் அவரைப் பார்த்திருந்தார்கள். மேரி ஜேனுக்குத்தான் எடுத்திருக்கிறார்கள் என்று நினைக்கத் தோன்றும். அவருடைய சொந்த நிறம் பொன்னிறம். க்வெனுக்காக அந்த நிறத்துக்கே திரும்பிவிட்டார்.

இனி நடிப்புக்கு வருகிறேன். ஹோவர்ட் நல்ல நடிகை, ஆனால் அந்தப் படத்தில் க்வென் மேரி ஜேனைப் பொறாமைப்பட வைக்க மட்டுமே இருக்கிறாள். எம்மாவின் க்வென் ஆய்வகத்தில் வேலை செய்கிறாள், மருந்து தயாரிக்கிறாள், பீட்டர் போகாதே என்றால் கேட்கமாட்டாள். "இது என் முடிவு" என்று அவள் நிற்கும் தோரணை இருக்கிறதே, அது எம்மா கொண்டுவந்தது. காமிக்ஸில் 1973இல், 121ஆம் இதழில், க்வென் இறந்துவிடுவாள். கதை தெரிந்த ரசிகர்கள்கூட 2014இல் அந்தக் கடிகாரக் கோபுரக் காட்சியில் அவள் பிழைத்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ரெய்மியின் க்வெனுக்கு நேர்ந்திருந்தால் நான் அழுதிருக்க மாட்டேன்.

டன்ஸ்டையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். வீட்டில் அப்பா திட்ட, வெளியே வந்து சிரித்துச் சமாளிக்கும் பெண்ணாக முதல் படத்தில் அவர் அருமை. அடுத்தடுத்த படங்களில் வில்லன் கடத்திக்கொண்டு போவதற்கென்றே அந்தப் பாத்திரத்தை வைத்துவிட்டார்கள். அந்தக் குறை எழுத்தில், அவரிடம் இல்லை.

கேள்வி: புதுப் படங்களில் பத்திரிகை ஆசிரியர் ஜேம்சன் எங்கே போனார்?

போகவில்லை தம்பி, வரவே இல்லை. 2014 படத்தில் மின்னஞ்சலில் மட்டும் எட்டிப் பார்க்கிறார். ரெய்மி படங்களில் நடித்த ஜே.கே. சிம்மன்ஸுக்குப் பிறகு அந்த மீசையை யார் முகத்தில் ஒட்டுவது? 2019இல் வேறொரு தொடரில் ஜேம்சன் தேவைப்பட்டபோது மறுபடியும் சிம்மன்ஸையே கூப்பிட்டார்கள். பீட்டர் மாறிவிட்டான், அத்தை மாறிவிட்டார், ஜேம்சன் மட்டும் மாறவில்லை. என்னைப் பொறுத்தவரை இரண்டு தொடர்களிலும் சேர்த்து மிகச் சரியான தேர்வு அவர்தான்.

கேள்வி: பீட்டரை வளர்த்த மே அத்தையைப் பற்றி யாருமே கேட்கவில்லையே. எனக்கு ரோஸ்மேரி ஹாரிஸ்தான் அத்தை. சாலி ஃபீல்டை ஏற்கவே முடியவில்லை.

எனக்கும் ஹாரிஸ்தான் பிடிக்கும், ஆனால் ஃபீல்டுக்காகக் கொஞ்சம் வாதாடுவேன்.

ரெய்மியின் முதல் படம் வந்தபோது ஹாரிஸுக்கு 74 வயது. காமிக்ஸிலிருந்து அப்படியே எழுந்து வந்த பாட்டி. இரண்டாம் படத்தில், மாமா இறந்ததற்குத் தானும் காரணம் என்று பீட்டர் சமையலறை மேசையில் ஒப்புக்கொள்கிறான். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் பிடித்திருந்த கையை உருவிக்கொண்டு எழுந்து மாடிக்குப் போகிறார். இரண்டு தொடர்களிலும் அதைவிடக் கடுமையான அடி பீட்டருக்கு விழவில்லை.

சாலி ஃபீல்ட் தன் தோழியும் தயாரிப்பாளருமான லாரா ஜிஸ்கினுக்காக இந்த வேடத்தை ஏற்றார். ஜிஸ்கின் 2011இல், படம் வெளிவரும் முன்பே, இறந்துவிட்டார். ஃபீல்டின் மே பாட்டி இல்லை, வேலைக்குப் போய்க் களைத்து வரும் அம்மா. வெப்பின் முதல் படத்தின் முடிவில் பீட்டர் முகமெல்லாம் காயத்தோடு வாசலில் நிற்கிறான், கையில் அவர் வாங்கிவரச் சொன்ன முட்டை டப்பா. அவர் எதுவும் கேட்காமல் கட்டிக்கொள்கிறார். அதை இன்னொரு முறை பாருங்கள்.

பென் மாமாவையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். கிளிஃப் ராபர்ட்சன் காரில் உட்கார்ந்து சொன்ன அந்தப் 'பெரிய சக்தி, பெரிய பொறுப்பு' வசனத்தை, மார்ட்டின் ஷீன் வேறு சொற்களில் நீட்டிச் சொல்ல வேண்டியிருந்தது. பாவம், அவ்வளவு நல்ல நடிகருக்கு அவ்வளவு சுற்றி வளைத்த வசனம்.

கேள்வி: வில்லன்களில் ரீபூட் தோற்றதற்கு நடிகர்கள்தான் காரணமா?

நடிகர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ரிஸ் இஃபான்ஸ், ஜேமி ஃபாக்ஸ், பால் ஜியாமட்டி மூவருமே திறமைசாலிகள். அவர்களுடைய முகத்தைப் படம் பறித்துக்கொண்டதுதான் சிக்கல்.

ரெய்மியின் முதல் படத்தில் கோப்ளின் என்ற வில்லனாக வந்த வில்லெம் டஃபோவுக்கும் அதே ஆபத்து இருந்தது. கோப்ளின் முகமூடி அசையவே அசையாது. ஆனால் ரெய்மி அவருக்குக் கண்ணாடி முன்னால் ஒரு முழுக் காட்சி கொடுத்தார். ஒரே ஆள் நல்லவனாகப் பயந்து, கெட்டவனாகச் சிரித்து, தன்னோடு தானே பேசுகிறார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு முகமூடிக்குள் என்ன முகம் இருக்கிறது என்று நமக்குத் தெரியும். இரண்டாம் படத்தின் வில்லன் ஆல்ஃப்ரெட் மொலினாவுக்கோ முகமூடியே இல்லை. முதுகிலிருந்து நீளும் இயந்திரக் கரங்களைப் பல காட்சிகளில் பொம்மலாட்டக் கலைஞர்கள் படப்பிடிப்பிலேயே இயக்கினார்கள். அதனால் அவருக்கு எதிரே பார்த்துப் பேச ஒரு பொருள் இருந்தது.

விஞ்ஞானி கான்னர்ஸாக வரும் இஃபான்ஸ் பல்லியானதும் கணினி முகத்துக்குள் காணாமல் போய்விடுகிறார். இதில் இன்னொரு வருத்தம் உண்டு. ரெய்மி படங்களில் அதே கான்னர்ஸாக டிலன் பேக்கர் இரண்டு படங்கள் ஒற்றைக் கையோடு காத்திருந்தார். நான்காம் படம் 2010இல் கைவிடப்பட்டது, அவர் பல்லியாகவே இல்லை.

கேள்வி: ஹாரியாக ஜேம்ஸ் ஃப்ராங்கோவா, டேன் டிஹானா?

ஃப்ராங்கோ. அவர் முதலில் பீட்டர் வேடத்துக்குத்தான் தேர்வுக்கு வந்தார். அந்த வேடம் கிடைக்காமல் நண்பனாக நடித்தது ஹாரியின் பொறாமைக்கு உதவியதோ என்று நான் யோசித்ததுண்டு. டிஹான் மோசமில்லை, ஆனால் ரீபூட்டின் இரண்டாம் படத்தில்தான் நுழைகிறார். பழைய நட்பு என்று வசனத்தில் கேட்கிறோம், கண்ணால் பார்க்கவில்லை.

கேள்வி: இர்ஃபான் கான் எதற்கு அக்கா?

அதே கேள்விதான் எனக்கும்! ஆஸ்கார்ப் நிறுவன அதிகாரி ராதாவாக வந்து, கான்னர்ஸை மிரட்டிவிட்டுப் பாலத்தில் காரோடு சிக்கிக்கொள்கிறார். அதன்பிறகு படம் அவரை மறந்துவிடுகிறது. அப்படி ஒரு கண்ணும் குரலும் கையில் இருக்க, வில்லன் தேடிப் பல்லியிடம் போனார்கள்.

கேள்வி: 2021இல் மூன்று ஸ்பைடர்மேன்களும் ஒன்றாக வந்த படத்துக்குப் பிறகு உங்கள் கருத்து மாறியதா?

ஆண்ட்ரூவைப் பற்றி மாறவில்லை, உறுதியானது. உயரத்திலிருந்து ஒரு பெண் விழுகிறாள். க்வெனைப் பிடிக்க முடியாமல் போனவன் பாய்ந்து இவளைப் பிடித்து இறக்குகிறான். "நன்றாக இருக்கிறாயா" என்று கேட்கும்போதே அவன் கண் நிறைந்துவிடுகிறது. அவள் திருப்பி "நீ நன்றாக இருக்கிறாயா" என்று கேட்கிறாள். எதிரில் நின்றது எம்மா இல்லை. ஆனாலும் அந்தக் கண்ணீரில் எம்மாதான் இருந்தார்.