பெண் குழந்தைக்கு ஹீப்ருப் பெயர்: இஸ்ரேலின் ரெஹோவோத் நகரத்துக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, மகள் பிறக்கப் போகிறாள் என்று எழுதியிருந்தீர்கள், ரொம்ப சந்தோஷம். பரிசோதனைக்குப் போகும் இடமெல்லாம் நோவா, ஷிரா, யாயேல், தால் என்றே கூப்பிடுகிறார்கள், அதற்கெல்லாம் என்ன அர்த்தம், திருநெல்வேலியில் இருக்கும் அம்மா வாயிலும் நுழைகிற மாதிரி ஒரு பெயர் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள்.

இவற்றில் பல உங்களுக்குத் தெரிந்தவைதான். தமிழ் வேதாகமத்தில் பெண் பெயர்களோடு ‘ள்’ சேர்ந்து வருவதால் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. இங்கே சாரா, நமக்குச் சாராள். இளவரசி என்று பொருள். ஹன்னா நம் அன்னாள், கிருபை. த்வோரா என்பது தெபொராள்தான், தேனீ. யாயேல், எதிரிப் படைத்தலைவன் சிசெராவின் நெற்றியில் கூடார முளையை அடித்த அதே யாகேல். பொருள் மலையாடு. சாக்கடல் ஓரம் என்கேதிக்குப் போனால் அந்த ஆட்டையே பார்க்கலாம். வளைந்த கொம்போடு, நாம் நிற்கவே பயப்படுகிற பாறையில் சர்வசாதாரணமாக ஏறும். பார்த்த பிறகு அந்தப் பெயர் எனக்கு இன்னும் பிடித்துப்போனது.

ஷிரா, தால் எல்லாம் வேறு வகை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஹீப்ரு மறுபடி பேச்சுமொழியாகத் தொடங்கியது. அப்புறம் கோல்டா, ஃப்ரைடா போன்ற இத்திஷ் (ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழி) பெயர்கள் குறைந்து, பாட்டும் மண்ணும் மரமும் பெயராகின. ஷிரா பாட்டு, தால் பனித்துளி, மாயான் நீரூற்று, ஷக்கேட் வாதுமை. தால், ஷக்கேட் இரண்டும் பையன்களுக்கும் உண்டு. தாலி என்றால் ‘என் பனித்துளி’, ஷனி என்றால் கருஞ்சிவப்பு. இங்கே இரண்டும் அழகான பெயர்கள். ஊரில் கூப்பிட முடியாது, விட்டுவிடுங்கள்.

தாமார் பேரீச்சை மரம். இங்கே ரொம்பப் பிரபலம். ஆனால் வேதத்தில் இரண்டு தாமார்களின் கதையும் துயரம். உங்கள் அம்மா யோசிப்பார்.

அம்மாவின் பெயரையே வைக்கலாமா என்றும் கேட்டீர்கள். தாராளமாக வையுங்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த அஷ்கெநாசி யூதர்கள் பலர் உயிரோடிருப்பவர் பெயரைப் பிள்ளைக்கு வைக்கமாட்டார்கள், அதனால் யாராவது “பாட்டி தவறிவிட்டாரா?” என்று கேட்கலாம், வருத்தப்படாதீர்கள். ஸ்பெயின் வழிவந்த செபர்தி யூதக் குடும்பங்களில் நம்மைப் போலவே உயிரோடிருக்கும் பாட்டி பெயரை வைப்பது பெருமை.

என்னைக் கேட்டால் நோவா. அசைவு என்று பொருள். வேதத்தில் எண்ணாகமம் 27-ஐ எடுத்துப் பாருங்கள். அப்பாவுக்கு மகன் இல்லை என்பதால் எங்களுக்குப் பங்கு இல்லையா என்று மோசேயின் முன்னால் நின்று கேட்ட செலொப்பியாத்தின் ஐந்து மகள்களில் ஒருத்தி. அவர்கள் கேட்டது நியாயம் என்று கர்த்தரே சொல்லிச் சொத்தில் பங்கு கொடுக்க வைத்தார். ஒரு பெண் பிள்ளைக்கு இதைவிட நல்ல முன்னோடி யார்? ஊரில் ‘பேழை கட்டியவர் பெயரா?’ என்பார்கள். அவர் ஹீப்ருவில் நோவஹ், எழுத்தே வேறு. தமிழ் வேதாகமத்தில் அவர் நோவா, இவள் நோவாள். அம்மா நோவாள் என்றே கூப்பிடட்டும். பாஸ்போர்ட்டுக்கு எழுதும்போது மட்டும் ஆங்கிலத்தில் கடைசியில் ‘எச்’ போடாதீர்கள், போட்டால் பையன் பெயராகிவிடும்.