வாசகர் கேட்டவை: பரிசு எங்கே போகிறது?

கேள்வி: ஓசூர் சிப்காட்டில் உள்ள எங்கள் ஆலையின் காலாண்டு இதழை 'கோல்டு குவில்' என்ற தகவல் தொடர்பு விருதுப் போட்டிக்கு அனுப்பினோம். வடிவமைப்பைப் பாராட்டிவிட்டு, பரிசு இல்லை என்றுவிட்டார்கள். ஏன்?
– ஓசூர் வாசகர்

பதில்: இதழோடு அனுப்பிய திட்ட அறிக்கையை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் கோளாறு அங்கேதான். ஐ.ஏ.பி.சி. என்ற பன்னாட்டு வணிகத் தகவல் தொடர்பாளர் சங்கத்தின் இந்தப் போட்டியில் பக்கத்து இதழோடு உங்கள் இதழை நிறுத்தி ஒப்பிடுவதில்லை. ஒவ்வொன்றையும் தனியே 1 முதல் 7 வரையிலான அளவுகோலில் நிறுக்கிறார்கள். அதில் 4 என்றால் 'வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள்', அவ்வளவுதான். பளபளப்பான தாள் அதற்கு மேலே ஏற்றிவிடாது.

அந்த அறிக்கையில் நோக்கம் என்ற இடத்தில் 'பணியாளரிடையே பாதுகாப்பு விழிப்புணர்வை ஏற்படுத்துதல்' என்று எழுதியிருப்பீர்கள். நடுவர் இதை எதை வைத்து அளப்பார்? இப்படி எழுதிப் பாருங்கள்: 'பிரஸ் ஷாப்பில் மாதம் 14 ஆக இருக்கும் நியர் மிஸ் ரிப்போர்ட்டை 6 மாதத்தில் 40 ஆக்குவது.' (பிரஸ் ஷாப் என்பது ஆலையில் உலோகத் தகட்டை அழுத்தி வடிவமைக்கும் பிரிவு. நியர் மிஸ் ரிப்போர்ட் என்பது விபத்தாகாமல் மயிரிழையில் தப்பியதைத் தொழிலாளர் தெரிவிப்பது.) எண்கள் உதாரணத்துக்குத்தான். ஆனால் அந்த 14 இதழ் தொடங்கும் முன்பே எடுத்த கணக்காக இருக்க வேண்டும். விண்ணப்பம் போடும் வாரத்தில் தேடினால் கிடைக்காது. பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

அடுத்தது வாசகர் யார் என்பது. 'ஊழியர்கள்' என்று ஒரு சொல்லில் முடிக்காதீர்கள். ஓசூரில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே லைனில் நிற்கின்றன. ஒப்பந்தத் தொழிலாளரில் இந்தி, ஒடியா பேசுவோரும் உண்டு. தமிழில் மட்டும் வரும் இதழை யார், கேன்டீனிலா கம்பெனி பஸ்ஸிலா, எத்தனை நிமிடம் படிக்கிறார்கள் என்று சொல்லுங்கள். '5,000 பிரதி அச்சிட்டோம்' என்பது அச்சகத்தின் சாதனை.

கேள்வி: தர்மபுரி கிராமங்களில் குடிநீரில் கலந்திருக்கும் ஃபுளோரைடு பற்றிப் பிரச்சாரம் செய்தோம். பத்திரிகைகளில் வந்த செய்திகளை விளம்பரக் கட்டணமாக்கி, 'இத்தனை லட்சம் மதிப்பு' என்று போட்டி விண்ணப்பத்தில் காட்டலாமா?
– தர்மபுரி வாசகி

பதில்: வேண்டாம். மக்கள் தொடர்புப் பணியின் பலனை அளப்பதற்கென 2010-இல் வெளியான பார்சிலோனா கோட்பாடுகளே இந்தக் கணக்கை ஒதுக்கிவிட்டன. விவரம் தெரிந்த நடுவர் அந்த வரியிலேயே மதிப்பெண்ணைக் குறைப்பார். 'தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போய்விடுமா?' என்று பிரச்சாரத்துக்கு முன் 100 வீடுகளில் கேளுங்கள். (போகாது, நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும்.) முடிந்தபின் அதே கேள்வியை மறுபடி கேளுங்கள். குடிக்கவும் சமைக்கவும் போர்வெல் நீரை விட்டு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீருக்கு எத்தனை வீடுகள் மாறின என்பதையும் குறியுங்கள். நடுவில் போர்வெல் வற்றியதால் சிலர் மாறியிருந்தால் அதையும் எழுதிவிடுங்கள். மறைத்தால் மற்ற எண்களையும் சந்தேகிப்பார்கள்.

கேள்வி: ஒரே வேலையைப் போட்டியின் மூன்று பிரிவுகளுக்கு அனுப்பலாமா?
– கிருஷ்ணகிரி வாசகர்

பதில்: விதி அனுமதித்தால் அனுப்பலாம், கட்டணமும் மூன்று. ஆனால் ஒரே அறிக்கையை நகலெடுத்து ஒட்டினால் வீண். அமெரிக்காவின் மக்கள் தொடர்புத் துறை விருதான 'சில்வர் ஆன்வில்'லுக்கு ஆய்வு, திட்டம், செயல், மதிப்பீடு நான்கையும் 2 பக்கத்தில் அடக்க வேண்டும். எழுத்தைப் பொடியாக்கித் திணிக்காதீர்கள், செயல் பகுதியை வெட்டுங்கள். எல்லாரும் நீட்டி முழக்குவது அதைத்தான்.