கொழும்பில் கார், கிளிநொச்சியில் கரண்ட்: வாசகர் கேள்வி – பதில்

மின்சாரக் காரைப் பற்றி வன்னியிலிருந்து வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

*

கேள்வி: புது மின்சாரக் கார் ஒன்றுக்கு யாழ்ப்பாணத்தில் சொன்ன விலையைவிட நான்கு இலட்சம் குறைத்துத் தருவதாகக் கொழும்பு முகவர் ஒருவர் சொல்கிறார். வெளி மாகாணத்தில் எடுத்தால் பதிவில் சிக்கல் வருமா? காசு கட்டுவதற்கு முன் எவற்றைப் பார்க்க வேண்டும்?
— வாசகர், கிளிநொச்சி

பதில்: பதிவில் சிக்கல் இல்லை. வாகனப் பதிவு நாடு முழுவதற்கும் ஒன்றுதான், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் செய்வது. வருடா வருடம் எடுக்கிற வருமான அனுமதிப்பத்திரம்தான் மாகாணத்துக்கு உரியது. ஆகவே முதல் பதிவிலேயே உங்கள் பெயரும் கிளிநொச்சி முகவரியும் போக வேண்டும். "அவசரத்துக்கு எங்கள் கம்பனி பேரில் பதிந்துவிட்டுப் பிறகு மாற்றித் தருகிறோம்" என்று சொன்னால் சம்மதிக்காதீர்கள். சி.ஆர். எனப்படும் வாகனப் பதிவுச் சான்றிதழில் நீங்கள் இரண்டாவது உரிமையாளர் ஆகிவிடுவீர்கள். விற்கும்போது விலை இறங்கும். உத்தரவாதக் காலமும் அந்த முதல் பதிவுத் திகதியிலிருந்தே ஓடத் தொடங்கியிருக்கும்.

உங்கள் பக்கத்தில் தேவையானவை அடையாள அட்டை, முகவரிச் சான்று, உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் வரி அடையாள இலக்கம். இந்த 'டின்' இலக்கம் 2025 ஏப்ரலிலிருந்து கார்ப் பதிவுக்குக் கட்டாயம். கார் வந்து நிற்கும்போது இதற்கு அலையாமல் முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

அடுத்தது அந்த நான்கு இலட்சம். இரண்டு இடத்திலும் "கார் என் வாசலுக்கு வந்து சேர எல்லாமாக எவ்வளவு" என்று எழுத்தில் கேளுங்கள். பதிவுக் கட்டணம், சுவரில் பூட்டும் சார்ஜர், முதல் வருடக் காப்புறுதி, கார் ஏற்றிவரும் கூலி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தால் வித்தியாசம் பெரும்பாலும் பாதியாகிவிடும். மிச்சம் இருப்பதும் ஒருமுறை பழுதாகிக் கொழும்புக்கு ஏற்றி இறக்கினால் கரைந்துவிடும். எங்கள் கணக்கில் விலையைவிட முக்கியமான கேள்வி வேறு: கிளிநொச்சியில் கார் நின்றுவிட்டால் யார் வருவார், எங்கே கொண்டுபோவார், அந்த ஏற்றுக்கூலி யாருடையது? இதற்கு முகவரின் கடிதத்தலைப்பில் பதில் வாங்குங்கள். பற்றரிக்குப் பல கம்பனிகள் 8 வருடம் அல்லது 160,000 கிலோமீற்றர் உத்தரவாதம் தருகின்றன. அதைத் தருவது உற்பத்திக் கம்பனியின் அங்கீகாரம் பெற்ற முகவரா, அல்லது காரை இறக்கிய கடைக்காரரா என்பதுதான் விஷயம். கடைக்காரரின் உத்தரவாதம் கடை இருக்கும்வரைதான்.

காரை நேரில் பார்க்காமல் முழுக்காசையும் கட்டக் கூடாது. போனால் முதலில் சேசிஸ் இலக்கத்தைப் பாருங்கள். சீனத் தயாரிப்பில் அது 17 எழுத்து, 'எல்' என்று தொடங்கும். பத்தாவது எழுத்து மொடல் வருடம்: 'ஆர்' என்றால் 2024, 'எஸ்' 2025, 'டி' 2026. ரயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3825 என்றால் 2025இன் 38ஆவது வாரம். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவர வேண்டும். "புதுசு" என்று விற்கப்படும் கார் யார்டில் எவ்வளவு காலம் வெயில் காய்ந்தது என்பதை இவை சொல்லிவிடும். நெடுநாள் நின்ற காரில் முதலில் சாவது பெரிய பற்றரி இல்லை, சின்ன 12 வோல்ட் பற்றரி. அது இறங்கினால் கதவுகூடத் திறக்காது. அதைப் புதிதாகப் போட்டுத் தரச் சொல்லிக் கேட்கலாம், தவறில்லை.

இன்னொன்று. மின்சாரக் காருக்கான உற்பத்தி வரி மோட்டரின் கிலோவாட் வலுவை வைத்துக் கணிக்கப்படுகிறது. 2025இல் வலுவைப் பற்றிய சர்ச்சையில் சில கார்கள் சுங்கத்தில் தடுத்து வைக்கப்பட்டன. உங்கள் காரின் சுங்கப் பிரகடனத்தில் உள்ள வலுவும் காரில் ஒட்டிய தகட்டில் உள்ள வலுவும் ஒன்றா என்று பார்த்துப் பிரதி ஒன்று எடுத்து வையுங்கள்.

காசு கம்பனியின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு மட்டும். விற்பனைப் பொடியனின் சொந்தக் கணக்குக்கு ஒரு ரூபாவும் போகக் கூடாது. முற்பணப் பற்றுச்சீட்டில் சேசிஸ் இலக்கம், நிறம், கையளிக்கும் திகதி, தவறினால் காசு திரும்பும் நாள் எல்லாம் எழுதியிருக்க வேண்டும். இலக்கத்தகடு வரப் பிந்தலாம், அது பரவாயில்லை. பதிவிலக்கமும் காப்புறுதியும் கையில் இல்லாமல் மட்டும் வாகனத்தை வீதியில் இறக்காதீர்கள்.

*

கேள்வி: அதே மொடல் காரை இன்னொருவர் சீனாவிலிருந்து நேரடியாக இறக்கி இன்னும் குறைவாக விற்கிறார். கார் ஒன்றுதானே, வித்தியாசம் என்ன?
— வாசகி, வவுனியா

பதில்: சார்ஜ் மூடியைத் திறந்து பாருங்கள், வித்தியாசம் அங்கேயே இருக்கும். முகவர் இறக்கும் கார்களில் பெரும்பாலும் சிசிஎஸ்2 என்ற வகைச் சார்ஜ் வாய்தான் இருக்கும். ஒரே மூடிக்குள் மேலே ஏழு துளை உள்ள வட்டம், அதன் கீழே இரண்டு பெரிய துளை. சீன உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த காரில் ஜிபி/டி வாய். வீட்டு சார்ஜுக்கு ஒன்று, வேக சார்ஜுக்கு ஒன்று என்று இரண்டு தனித்தனி வாய்கள். ஏழு துளை வட்டம் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஆண், பெண் முனைகள் மாறி இருப்பதால் இங்குள்ள வயர் பொருந்தாது. வீட்டு சார்ஜுக்கு அடாப்டர் வாங்கிச் சமாளிக்கலாம். வேக சார்ஜுக்கான அடாப்டர் விலை கூடியது, எல்லா இயந்திரத்தோடும் பேசாது. ஏ9 வீதியில் இரவு பத்து மணிக்கு அதைச் சோதித்துப் பார்க்கிற நிலை வரக் கூடாது.

அதோடு திரை சீன மொழியில் இருக்கும், கைத்தொலைபேசிச் செயலி வேலை செய்யாது, மென்பொருள் புதுப்பிப்பு வராது, உள்ளூர் முகவர் உத்தரவாத வேலை செய்யவும் மாட்டார். விளம்பரத்தில் போடும் ஓட்டத்தூரமும் சீன அளவீடு. சீனாவின் பிவைடி கம்பனி செய்யும் அட்டோ 3 காரின் 60.48 கிலோவாட்மணிப் பற்றரியை எடுத்துக்கொண்டால், அதே பற்றரிக்குச் சீன அளவீடு 510 கிலோமீற்றர், ஐரோப்பிய டபிள்யுஎல்டிபி அளவீடு 420. கணக்குப் போட 420ஐ வைத்துக்கொள்ளுங்கள். ஏசியும் நெடுஞ்சாலை வேகமும் அதிலும் கொஞ்சம் தின்னும்.

*

கேள்வி: வீட்டுத்திட்ட வீடு, ஒற்றை முனை 30 அம்பியர் இணைப்பு. "7 கிலோவாட் சார்ஜர் இலவசம்" என்கிறார்கள். பூட்டலாமா? பழைய வயரிங் தாங்குமா?
— வாசகர், மல்லாவி

பதில்: சார்ஜர் இலவசம்தான், ஆனால் உங்கள் இணைப்பு அதற்குப் போதாது. 7 கிலோவாட் என்பது 32 அம்பியர். உங்கள் வீட்டுக்கு வருவதே 30. அதில் தண்ணீர் மோட்டரும் குளிர்சாதனப் பெட்டியும் ஓட வேண்டும். சார்ஜரை 16 அம்பியருக்குக் குறைத்து வையுங்கள், பெரும்பாலானவற்றில் உள்ளே ஒரு சுவிட்ச் அல்லது செயலியில் ஒரு அமைப்பு இருக்கும். 16 அம்பியர் ஏறத்தாழ 3.7 கிலோவாட். இரவு 10.30இலிருந்து காலை 5.30 வரை ஏழு மணித்தியாலம் ஏற்றினால் மீற்றரில் 26 யூனிட் ஓடும், சேதாரம் போக 23 பற்றரியில் ஏறும். அது 150 கிலோமீற்றருக்கு மேல். மல்லாவியிலிருந்து வவுனியா போய்த் திரும்பப் போதும். தினமும் இவ்வளவு ஓடுபவர் வன்னியில் குறைவு.

மும்முனை 30 அம்பியருக்கு மாறினாலும் ஒற்றை முனைச் சார்ஜர் ஒரு முனையில் இருந்துதான் எடுக்கும். ஆகவே 32 அம்பியர் அங்கேயும் ஓடாது. மும்முனையில் 11 கிலோவாட் வேண்டுமென்றால் காருக்குள் இருக்கும் சார்ஜரும் மும்முனையாக இருக்க வேண்டும். இதைக் கேட்டுவிட்டுப் பிரதேச மின்பொறியியலாளர் அலுவலகத்துக்கு விண்ணப்பம் போடுங்கள்.

வயரிங் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மின்பலகையிலிருந்து சார்ஜருக்குத் தனி லைன் இழுங்கள், இடையில் வேறு பிளக் எதுவும் இருக்கக் கூடாது. 16 அம்பியருக்கு 4 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர், பின்னாளில் கூட்டுகிற எண்ணம் இருந்தால் இப்போதே 6. அதற்கென்று தனி பிரேக்கர், கசிவு வந்தால் கரண்டை வெட்டும் தனி 30 மில்லி அம்பியர் றிப் சுவிட்ச். வீட்டில் ஏற்கெனவே உள்ள பழைய வகை றிப் சுவிட்சை நம்ப வேண்டாம். காரிலிருந்து நேர் மின்னோட்டக் கசிவு வந்தால் அது மரத்துப்போய், ஆபத்து நேரத்தில் விழாமல் நின்றுவிடும். சார்ஜருக்குள்ளேயே 6 மில்லி அம்பியர் நேர் மின்னோட்டக் காப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 'ஏ' வகை றிப் சுவிட்ச் போதும், இல்லாவிட்டால் விலை கூடிய 'பி' வகை தேவை. சாதாரண 13 அம்பியர் பிளக்கில் ஏற்றுவதாக இருந்தால் 10 அம்பியருக்கு மேல் போகாதீர்கள். ஒரு மணித்தியாலம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் உள்ளே இறுக்கம் போதாது, சில நாளில் பிளாஸ்ரிக் மஞ்சளாகி உருகும்.

வன்னியில் அதிகம் பிழைப்பது எர்த். மாரியில் சார்ஜர் நன்றாக வேலை செய்யும். ஆவணியில் கிறவல் நிலம் காய்ந்து இறுகியதும் சிவப்பு விளக்குக் காட்டி நின்றுவிடும். கம்பி மண்ணுக்குள் இருக்கிறது, ஆனால் மண்ணில் ஈரம் இல்லை, மின்தடை ஏறிவிட்டது. கிணற்றடிக் கழிவுநீர் ஓடும் பக்கம், ஈரம் காயாத இடமாகப் பார்த்து ஒன்றரை மீற்றர் செப்புப் பூசிய கம்பியை முழுதாக இறக்குங்கள். ஒன்று போதாவிட்டால் ஒன்றரை மீற்றர் தள்ளி இரண்டாவது ஒன்றை இறக்கி இரண்டையும் செப்பு வயரால் இணையுங்கள். எர்த் ரெஸ்ரரால் அளக்கச் சொல்லுங்கள், கோடையில் அளந்து 10 ஓமுக்குக் கீழே வந்தால் நிம்மதி. சில வயரிங் பாஸ்மார் நியூற்றலையும் எர்த்தையும் பிளக்குக்குள்ளேயே ஒன்றாக முறுக்கிவிட்டு "இப்ப சரி" என்பார்கள். சிவப்பு விளக்கு அணையும்தான். ஆனால் வெளியே நியூற்றல் வயர் அறுந்த நாளில் காரின் உடல் முழுவதும் கரண்ட் நிற்கும். அப்படிச் செய்ய விடவே வேண்டாம்.

இரவு ஏழு மணிக்குச் சார்ஜர் தானாக நின்று நின்று வேலை செய்தால் அது பெரும்பாலும் வோல்ட் குறைவு. இங்கே அனுமதிக்கப்பட்ட அளவு 230 வோல்ட்டிலிருந்து 6 சதவீதம் கூடலாம் குறையலாம், அதாவது 216 முதல் 244. மின்மாற்றியிலிருந்து தள்ளிக் கடைசியில் இருக்கும் வீடுகளில் மாலை உச்ச நேரத்தில் அதற்கும் கீழே போகும். 10.30க்குப் பிறகு ஏற்றினால் தீரும். தீராவிட்டால் அளந்து எழுதிப் பிரதேச மின்பொறியியலாளர் அலுவலகத்துக்குக் கொடுங்கள்.

பில்லையும் பாருங்கள். மாதம் 1,000 கிலோமீற்றர் ஓடினால் ஏறத்தாழ 180 யூனிட் கூடும். இப்போது 90 யூனிட் எடுக்கும் வீடு 270க்குப் போய், 180க்கு மேலான கடைசிப் படிக்குள் விழும். நேரத்துக்கேற்ற கட்டண முறை உங்களுக்குக் கிடைக்குமா என்று பிரதேச மின்பொறியியலாளர் அலுவலகத்தில் முதலே கேளுங்கள்.

*

கேள்வி: காரைக் கொழும்பிலிருந்து நாங்களே ஓட்டி வரலாமா? 50 கிலோவாட்மணிப் பற்றரி.
— வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: வரலாம், வழியில் ஒருமுறை ஏற்ற வேண்டும். ஏசி போட்டு வந்தால் 100 கிலோமீற்றருக்கு 15–16 யூனிட் போகும். நூறு சதவீதத்தில் புறப்பட்டு 15 சதவீதம் மிச்சம் வைத்தால் 270 கிலோமீற்றர் அளவு. அது வவுனியாவைத் தொடும், அதற்கு மேல் நம்ப முடியாது. அதனால் வவுனியாவரை இழுக்காமல் அநுராதபுரத்துக்குக் கிட்டவே நிறுத்தி ஏற்றுங்கள். போவதற்கு முதல் நாள் அந்த இடத்துக்குத் தொலைபேசி எடுத்து இயந்திரம் வேலை செய்கிறதா, உங்கள் வாய் பொருந்துமா, இரவில் பூட்டுவார்களா என்று கேளுங்கள். செயலியில் பச்சையாகக் காட்டுவதை மட்டும் நம்பிப் போகக் கூடாது. 80 சதவீதத்துக்கு மேல் வேக சார்ஜ் ஊர்ந்துதான் ஏறும், அங்கே காத்திருப்பது வீண்.

ஏற்றி வருவதானால் நான்கு சில்லும் மேலே நிற்கும் தட்டு லொறி மட்டும். மோட்டர் பூட்டிய சில்லு நிலத்தில் உருண்டால் மோட்டர் தானே மின்சாரம் உண்டாக்கிப் பழுதாகும்.

*

கேள்வி: கனடாவில் இருக்கும் அண்ணா தான் ஓடிய மின்சாரக் காரை அனுப்பட்டுமா என்கிறார்.
— வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: வேண்டாம். கனடாக் கார் இடப்பக்க ஸ்ரேறிங், இங்கே பதிய முடியாது. கப்பல் கூலி கட்டிய பிறகு துறைமுகத்தில் இதைக் கேள்விப்படுபவர்கள் உண்டு. அண்ணா காசாக அனுப்பட்டும், இங்கேயே எடுங்கள்.

*

கேள்வி: மாரியில் எங்கள் ஒழுங்கையில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடும். மின்சாரக் கார் சரிவருமா?
— வாசகர், கண்டாவளை

பதில்: தேங்கிய மழைநீரில் மெதுவாகப் போனால் கரண்ட் அடிக்காது. பற்றரிப் பெட்டிகள் பலவற்றில் தூசும் நீரும் புகாத தரத்தைக் குறிக்கும் ஐபி67 என்று போட்டிருக்கும். ஒரு மீற்றர் நல்ல தண்ணீரில் 30 நிமிடம் என்பது அந்தச் சோதனையின் அளவு. புதுப் பெட்டியை ஆய்வுகூடத்தில் வைத்துச் செய்வது அது. கிறவல் வீதியில் கல்லடி வாங்கி ஒரு மூலை நசுங்கிய பெட்டிக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. ஓடும் தண்ணீருக்கும் உப்புத் தண்ணீருக்கும் பொருந்தாது. முழங்கால் அளவு ஓடும் தண்ணீர் என்றால் எந்தக் காரையும் இறக்க வேண்டாம்.

இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறக்கப் போவதாக அறிவித்தல் வந்தால் காரை மேட்டு நிலத்துக்குக் கொண்டுபோங்கள், சார்ஜரின் பிரேக்கரை இறக்கிவிடுங்கள். சார்ஜரை நிலத்திலிருந்து ஒன்றேகால் மீற்றராவது உயரத்தில் பூட்டுங்கள். காப்புறுதிப் பத்திரத்தில் வெள்ளம் என்ற சொல் இருக்கிறதா, பற்றரியும் சார்ஜ் வயரும் அதற்குள் அடங்குமா என்று கையெழுத்துப் போடுமுன் வாசியுங்கள். நனைந்த காரை "ஸ்ராட் பண்ணிப் பார்ப்போம்" என்று முயலக் கூடாது, சார்ஜிலும் போடக் கூடாது. வீட்டிலிருந்து தள்ளித் திறந்த வெளியில் விட்டு முகவருக்கு அறிவியுங்கள். உள்ளே போன தண்ணீர் சில நாள் கழித்தும் தீப்பிடிக்கச் செய்யும்.