ரவுண்டானாவா, சிக்னலா? கூட்டத்துக்குப் போகும் முன் வண்டிகளை எண்ணுங்கள்

கேள்வி: அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு வழியாக ஏற்காடு அடிவாரம் போகிற ரோட்டில், நான்கு பக்கம் பிரியும் ஒரு கூட்டு ரோட்டில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். அங்கே இருக்கும் சின்ன ரவுண்டானாவை எடுத்துவிட்டு சிக்னல் போடப் போகிறார்களாம், ரோட்டையும் அகலப்படுத்தப் போகிறார்களாம். அடுத்த மாதம் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று கவுன்சிலர் சொன்னார். எங்கள் தெருவில் பாதிப் பேர் வேண்டும் என்கிறார்கள், பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள். அங்கே போய் என்ன பேசுவது? பேசினால் எதுவும் மாறுமா?
- ஒரு வாசகர், சேலம்

பதில்:

மாறும். ஆனால் அது எந்தக் கட்டத்தில் கூட்டம் நடக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு ரோடு வேலை அளவை, வரைபடம், எஸ்டிமேட், நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், பணி ஆணை என்று படிப்படியாகப் போகும். எஸ்டிமேட்டுக்கு முன்னால் நடைபாதையை அரை மீட்டர் அகலமாக்கச் சொன்னால் வரைபடத்தில் ஒரு கோடு நகரும், அவ்வளவுதான். டெண்டர் விட்ட பிறகு அதையே சொன்னால் திருத்திய எஸ்டிமேட் போட்டு மறுபடி அனுமதிக்கு அனுப்ப வேண்டும். எந்தப் பொறியாளரும் அந்தத் தலைவலியை விரும்பி வாங்க மாட்டார். ஆகவே கூட்டத்தில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “இந்த வேலைக்கு எஸ்டிமேட் அனுமதி ஆகிவிட்டதா?” ஆகவில்லை என்றால் தாராளமாகப் பேசுங்கள். ஆகிவிட்டது என்றால் பெரிய மாற்றம் எதுவும் கிடைக்காது. கடக்கும் கோடு எங்கே, பஸ் ஸ்டாப் எங்கே, சென்டர் மீடியனில் (ரோட்டின் நடுத் தடுப்பில்) திறப்பு எங்கே என்கிற அளவில் கேட்டால் இன்னும் கிடைக்கும்.

அடுத்தது, ரோடு யாருடையது? மாநகராட்சி ரோடா, நெடுஞ்சாலைத் துறை ரோடா என்று தெரியாமல் மனு கொடுத்துவிட்டு ஆறு மாதம் அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் கிலோமீட்டர் கல் இருந்தால் அதன் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. பச்சை என்றால் மனு நெடுஞ்சாலைத் துறையின் கோட்டப் பொறியாளருக்குப் போக வேண்டும், ஒரு நகல் மாநகராட்சி ஆணையருக்கு. சிக்னல் நேரத்தை அமைப்பது போக்குவரத்துக் காவல். கம்பத்தை நகர்த்துவது மின்வாரியம். வடிகால் வேறு ஒருவர் கையில் இருக்கும். கூட்டத்துக்கு இந்த நாலு பேரும் வருகிறார்களா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஒருவர் மட்டும் வந்தால், “அது எங்கள் கையில் இல்லைங்க” என்ற பதிலைத்தான் மாலை முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

சரி, சிக்னலா ரவுண்டானாவா என்ற உங்கள் தெருச் சண்டைக்கு வருகிறேன்.

நம் ஊரில் ரோட்டை எண்ணித்தான் இடத்துக்கே பெயர் வைத்தோம். மூணு ரோடு, நாலு ரோடு, அஞ்சு ரோடு. ஆனால் அந்த ரோடுகளில் போகிறவர்களை எண்ணும் பழக்கம் மட்டும் நமக்கு வரவில்லை. எண்ணாமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

நான்கு ரோடு வெறுமனே குறுக்கிடும் இடத்தில் வண்டிகளின் பாதைகள் ஒன்றோடொன்று பிரியும், சேரும், வெட்டிக்கொள்ளும் புள்ளிகள் 32. முச்சந்தியில் அது 9. ஒற்றை வரிசை ரவுண்டானாவில் வெறும் 8. அதனால் விபத்தின் கடுமை ரவுண்டானாவில் குறைவு. மோதினாலும் பக்கவாட்டில், மெதுவாக. சிக்கல் எங்கே வருகிறது என்றால் வண்டி கூடும்போது. இந்திய சாலைக் குழுமத்தின் (Indian Roads Congress) வழிகாட்டுதல்படி ஒரு ரவுண்டானா நன்றாக வேலை செய்வது மணிக்குச் சுமார் 3,000 வண்டிகள் வரைதான். அதற்கு மேல் போனால் உள்ளே சுற்றுகிறவர் வெளியே வர முடியாது, வெளியே நிற்பவர் உள்ளே போக முடியாது. உள்ளே இருப்பவருக்கு வழிவிட வேண்டும் என்கிற விதியை நம்மில் எத்தனை பேர் மதிக்கிறோம் என்பது வேறு கதை.

சிக்னலிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் பச்சை மாறும்போது இடையில் சில விநாடிகள் யாருக்கும் பயனில்லாமல் போகும். பக்கம் கூடக் கூட அந்த வீண் நேரமும் கூடும், மொத்தச் சுற்றும் நீளும். நான்கு பக்கமும் தனித்தனியாக 30 விநாடி பச்சை என்றால் உங்கள் முறை மறுபடி வர இரண்டு நிமிடம். அதில் உச்சி வெயிலில் ஹெல்மெட்டோடு ஒன்றரை நிமிடத்துக்கு மேல் நிற்பது எப்படி என்று சேலத்துக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூட்டமே இல்லாத மதியம் இரண்டு மணிக்கும் அதே காத்திருப்பு என்றால் ஜனங்கள் சிவப்பை மதிப்பதை நிறுத்திவிடுவார்கள். ஆகவே சிக்னல்தான் என்று முடிவானால், “நேரத்துக்கு ஏற்ப மாறும் அமைப்பா, ஒரே அமைப்பா?” என்று கேளுங்கள்.

எண்ணுவது எப்படி? பெரிய வித்தை இல்லை. நான்கு பேர், நான்கு அட்டை, நான்கு பென்சில். ஆளுக்கு ஒரு ரோட்டிலிருந்து வரும் வண்டியை மட்டும் பார்க்க வேண்டும். அட்டையில் மூன்று கட்டம்: இடப்பக்கம் திரும்புவது, நேராகப் போவது, வலப்பக்கம் திரும்புவது. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் டூவீலர், ஆட்டோ, கார், பஸ்-லாரி என்று நான்கு வரிசை. நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுங்கள், பால்காரர் கணக்கு மாதிரி. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை புதுத் தாள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தே செய்யலாம். டீக்கடைக்காரர் இரண்டாம் நாள் தானே ஒரு அட்டை கேட்பார்.

வேலை நாளில் காலை 8 முதல் 9.30, மாலை 4.30 முதல் 6.30. உங்கள் ரோட்டுக்கு மட்டும் இன்னொன்று சேர்க்கிறேன்: ஞாயிறு மாலை 5 முதல் 8. துறை எடுக்கும் அளவை பெரும்பாலும் வேலை நாளில்தான் இருக்கும். ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி வரும் ஏற்காடு கூட்டம் மொத்தமும் ஞாயிறு பொழுது சாய்ந்த பிறகுதான் உங்கள் கடை வாசலுக்கு வந்து சேரும். கோடை விழா சமயத்தில் இன்னும் மோசம். வெளியூர் கார், வழி தெரியாத ஓட்டுநர், பிரேக் சூடான வேன். இந்த மூன்றும் வேலை நாள் அளவையில் இருக்காது. அதை எழுதி நீங்கள் நீட்டினால் அந்த அறையில் வேறு யாரிடமும் இல்லாத தகவல் உங்களிடம் இருக்கும்.

எண்ணி முடித்ததும் பொறியாளர்கள் எல்லாவற்றையும் கார் கணக்குக்கு மாற்றுவார்கள். கார் 1 என்றால் டூவீலர் முக்கால், பஸ்ஸும் லாரியும் 3.7 வரை. உதாரணத்துக்கு, பதினைந்து நிமிடத்தில் 100 டூவீலர், 20 கார், 4 பஸ் வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். கார் கணக்கில் 75, 20, கிட்டத்தட்ட 15, மொத்தம் 110. இதில் பஸ் ஒரு தொந்தரவு போலத் தெரியும். அதையே ஆள் கணக்கில் போடுங்கள். டூவீலரில் 140 பேர், காரில் 40 பேர் என்றால், நாலு டவுன் பஸ்ஸில் காலை நேரத்தில் 200 பேருக்குக் குறையாது. பஸ் ஸ்டாப்பைக் கூட்டு ரோட்டிலிருந்து நூறு மீட்டர் தள்ளிப் போடும் முடிவு இந்த இரண்டாவது கணக்கைப் போடாததால்தான் வருகிறது. என் வேலைக்காலத்தில் நானே அப்படி ஒரு வரைபடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

நடந்து கடப்பவர்களைத் தனி அட்டையில் எண்ணுங்கள். மனிதர் நடக்கும் வேகத்தை வடிவமைப்பில் விநாடிக்கு 1.2 மீட்டர் என்று எடுப்பார்கள். 12 மீட்டர் ரோட்டைக் கடக்கப் பத்து விநாடி. முழங்கால் வலியோடு ரேஷன் பை தூக்கி வரும் பாட்டிக்குப் பதினைந்து விநாடியாவது வேண்டும். ரோட்டை அகலப்படுத்தினால் இந்த விநாடியும் கூடும் என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள். அதனால் அகலம் கூடும் இடத்தில் நடுவில் நின்று மூச்சுவிட ஒரு திட்டு கேளுங்கள். இடப்பக்கம் எப்போதும் போகலாம் என்று ‘ஃப்ரீ லெஃப்ட்’ காட்டியிருந்தால் அந்த முனையின் வளைவைப் பாருங்கள். வளைவு எவ்வளவு பெரிதோ அவ்வளவு வேகமாக வண்டி திரும்பும், கடப்பவருக்குச் சிவப்பு பச்சை எதுவும் துணைக்கு வராது. பள்ளிப் பிள்ளைகள் கடக்கும் முனை என்றால் ஃப்ரீ லெஃப்ட் வேண்டாம் என்று நான் கூசாமல் சொல்வேன்.

வரைபடத்தைக் கூட்டத்துக்கு முன்பே வாங்கிப் பாருங்கள். அலுவலகத்தில் கேட்டால் காட்டுவார்கள், காட்டாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில். கூட்டம் அடுத்த மாதம் என்பதால் இந்த வாரமே போட்டால்தான் உதவும். நகல் மட்டும் கேட்காமல் ஆவணத்தை நேரில் பார்வையிடவும் கேட்கலாம், சட்டத்தில் அதற்கும் இடம் உண்டு. கையில் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு கூட்டு ரோட்டிலேயே போய் நில்லுங்கள். வரைபடத்தில் நடைபாதை 2 மீட்டர் என்று போட்டிருக்கும். அதே இடத்தில் டிரான்ஸ்ஃபார்மரும் புளிய மரமும் நிற்கும். கம்பத்தை நகர்த்த எஸ்டிமேட்டில் பணம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் கம்பம் அங்கேயே நிற்கும், நடைபாதை தாளிலேயே நிற்கும்.

உங்கள் பகுதிக்கு இன்னொரு விஷயம் முக்கியம்: தண்ணீர். சேர்வராயன் மலையில் பெய்யும் மழை சரிவில் இறங்கி நகருக்குள்தான் வருகிறது. திருமணிமுத்தாறே அப்படி வந்த ஆறுதான். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே போட்டால் ரோடு உயரும், கடையும் வீடும் பள்ளத்தில் போகும். உங்கள் கடை வாசற்படியிலிருந்து ரோடு இப்போது எவ்வளவு கீழே இருக்கிறது என்று இன்றே டேப் வைத்து அளந்து, போட்டோ எடுத்து வையுங்கள். வேலை முடிந்தால் மட்டம் எவ்வளவு இருக்கும் என்ற எண்ணை வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். ரவுண்டானாச் சண்டையில் எல்லோரும் மறப்பது இதைத்தான்.

அகலப்படுத்த உங்கள் பட்டா நிலம் தேவைப்பட்டால் அது தனி நடைமுறை. முறையான நோட்டீஸ் வரும், அதில் சொன்ன கெடுவுக்குள் எழுத்தில் ஆட்சேபணை கொடுக்க வேண்டும். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எழுந்து பேசியது அதற்கு ஈடாகாது. ஆக்கிரமிப்பு என்று சொன்னால் புல வரைபடத்தை (உங்கள் சர்வே எண்ணின் எல்லையும் அளவும் காட்டும் படம்) வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். ரோட்டோரம் இட்லிக் கடை, பூக்கடை போடுகிறவர்களுக்கு 2014-ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழு இருக்கிறது, அதன் உறுப்பினரில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே. அவர்களையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். அவர்கள் வராத கூட்டத்தில் எடுக்கும் முடிவு ஆறு மாதம்கூடத் தாங்காது.

கூட்டத்தில் ஒன்று மட்டும் கேளுங்கள் என்றால் நான் சோதனை ஓட்டத்தைத்தான் சொல்வேன். சிமென்ட் போடுவதற்கு முன் மணல் மூட்டையும் பேரிகார்டும் வைத்து, புது அமைப்பை இரண்டு வாரம் ஓட்டிப் பார்க்கட்டும். நான் வேலை பார்த்த ஊர் ஒன்றில், விபத்து நடக்கிறதென்று சென்டர் மீடியனில் இருந்த திறப்பை ஒரே இரவில் கான்கிரீட் போட்டு அடைத்தோம். மறுநாள் காலை எதிரே இருந்த அரிசி மண்டிக்குப் போகும் டூவீலர் எல்லாம் எதிர்த்திசையில் ஓட ஆரம்பித்தன. அடுத்த திறப்பு முக்கால் கிலோமீட்டர் தள்ளி என்றால் யார் சுற்றுவார்கள்? மூட்டை வைத்துப் பார்த்திருந்தால் இரண்டாம் நாளே தெரிந்திருக்கும். உடைக்க எட்டு மாதம் ஆனது.

மேம்பாலம் கேட்கலாமா என்று உங்கள் தெருவில் யாராவது கட்டாயம் எழுந்து நிற்பார்கள். அஞ்சு ரோட்டில் 2020-இல் திறந்த ஈரடுக்குப் பாலத்தைப் பார்த்த கண் அல்லவா. நேராகத் தாண்டிப் போகிற வண்டிக்குப் பாலம் வரம்தான். ஆனால் திரும்புகிற வண்டியும் கடக்கிற ஆளும் கீழேயேதான் இருப்பார்கள். உங்கள் அட்டைக் கணக்கில் நேராகப் போவது எவ்வளவு, திரும்புவது எவ்வளவு என்று பாருங்கள், பதில் அதில் இருக்கும்.

கூட்டத்தை மட்டும் நம்ப வேண்டாம். 2022 நவம்பர் 1 அன்று தமிழகம் முழுக்க நகர்ப்புறங்களில் பகுதி சபைகள் (வார்டுக்குள் பகுதி மக்கள் கூடிப் பேசும் சபை) முதன்முதலாகக் கூடின. நம் மாநகராட்சியின் 60 வார்டுகளுக்கும் அது பொருந்தும். உங்கள் பகுதி சபையில் இந்தக் கணக்கைப் படித்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனுவும் கொடுக்கலாம், சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவரும் ஆட்சியர்தான். எதைக் கொடுத்தாலும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். மனு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். மேலே எண்ணிக்கை அட்டவணை, நடுவில் கையால் வரைந்த படம், கீழே மூன்று கோரிக்கை. பத்துப் பக்கம் எழுதினால் பத்தாவது பக்கத்தை நீங்கள் மட்டும்தான் படித்திருப்பீர்கள்.

ஞாயிறு எண்ணப் போகும்போது அட்டைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை போட்டுக்கொள்ளுங்கள். மலையில் மழை பிடித்தால் அடிவாரத்துக்கு வர அதிக நேரம் ஆகாது. மழை வந்தால் எழுந்து போய்விடாதீர்கள். அந்த அரை மணியில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, வண்டிகள் எங்கே ஒதுங்குகின்றன என்பதையும் அந்த அட்டையின் பின்பக்கத்தில் குறித்து வையுங்கள்.