இரண்டு லேன் கார்டுகளை இணைத்தால் இணைய வேகம் இரட்டிப்பாகுமா?

கேள்வி: திருமணக் காணொளிகளை வீட்டிலேயே தொகுத்து, இணையத்தில் ஏற்றி வாடிக்கையாளர்களுக்கு அனுப்புவது என் தொழில். 300 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு வைத்திருக்கிறேன். கைப்பேசியில் வைஃபை மூலம் சோதித்தால் பதிவிறக்கம், பதிவேற்றம் இரண்டுமே 280ஐத் தொடுகின்றன. ஆனால் கேபிள் வழியாக இணைத்துள்ள கணினியில் 94க்கு மேல் ஏறுவதே இல்லை. கணினியில் விண்டோஸ் 11 உள்ளது. இரண்டு போர்ட் உள்ள லேன் கார்டும் அதற்கேற்ற ஸ்விட்சும் (ஒரு லேன் இணைப்பைப் பல கருவிகளுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) வாங்கி, இரண்டு கேபிள்களை 'டீமிங்' செய்தால் வேகம் இரட்டிப்பாகும் என்கிறார் கடைக்காரர். 12,000 ரூபாய் ஆகுமாம். வாங்கலாமா? — வாசகர், திருப்பூர்.

பதில்: வாங்க வேண்டாம். உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. 94 என்ற எண்ணைப் பாருங்கள். 100 மெகாபிட் வேகத்தில் பேசிக்கொள்ளும் ஒரு லேன் இணைப்பில், தரவுடன் சேர்ந்து செல்லும் முகவரித் தகவல்களுக்கான இடம் போக, பயனருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 94 அல்லது 95தான். உங்கள் ஃபைபரில் குறையில்லை என்பதைக் கைப்பேசி காட்டிவிட்டது. ஆகவே ரவுட்டருக்கும் கணினிக்கும் இடையிலுள்ள கேபிளோ, போர்ட்டோ கிகாபிட் (1000 மெகாபிட்) வேகத்தில் இணையாமல் 100க்கு இறங்கிவிட்டிருக்கிறது. விண்டோஸ் அமைப்புகளில் நெட்வொர்க் பகுதிக்குள் ஈதர்நெட்டைத் திறந்து, இணைப்பு வேகம் என்ற வரியைப் பாருங்கள். அங்கே 1000/1000 என்று இருக்க வேண்டிய இடத்தில் 100/100 என்று இருந்தால் நான் சொல்வது உறுதியாகிவிடும்.

இதற்கு நம் ஊர்களில் நான் மிகுதியாகக் காணும் காரணம், கேபிளின் முனையை அடித்தவர் செய்த வேலை. கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் இருக்கின்றன. 100 மெகாபிட்டுக்கு நான்கு போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஒரே கேபிளில் இரண்டு இணைப்புகளை ஓட்டிவிடலாம் என்றோ, வேலை சீக்கிரம் முடியட்டும் என்றோ நான்கை மட்டும் சொருகிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கண்ணாடி போன்ற அந்த முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஆரஞ்சும் பச்சையும் மட்டும் தெரிந்து நீலமும் பழுப்பும் இல்லையென்றால் குற்றவாளி கிடைத்துவிட்டார். எட்டும் இருந்தும் ஒன்று உள்ளே சரியாகப் பதியாமல் போயிருந்தாலும் இதே விளைவுதான்.

கேபிளின் தரத்தையும் சொல்ல வேண்டும். அலுமினியக் கம்பிக்கு மேல் செம்புப் பூச்சு கொடுத்த கேபிள்கள் 'கேட் 6' என்ற அச்சோடு சந்தையில் தாராளமாக விற்கப்படுகின்றன. கேட் 5இ, கேட் 6 தரங்கள் முழுச் செம்பைக் கேட்கின்றன. இந்த அலுமினியக் கேபிள்கள் அந்தத் தரத்தைச் சேர்ந்தவையே அல்ல. வளைத்தால் உள்ளே முறிகின்றன, முனையில் தொடர்பு தளர்ந்துபோகிறது. மீதமுள்ள துண்டில் ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அதைச் சுவருக்குள் புதைத்துவிட்டுப் போனவரிடம் பிறகு கேட்டால் 'கம்பெனி கேபிள்தான் சார்' என்ற பதில்தான் வரும். கேபிள் பெட்டியில் முழுச் செம்பு என்று எழுதியிருந்தாலொழிய வாங்காதீர்கள். கேட் 8 என்று சொல்லி அதிக விலைக்கு விற்பவரையும் நம்பாதீர்கள். உங்கள் தேவைக்கு நல்ல செம்பில் கேட் 5இ போதும், அது 100 மீட்டர் வரை கிகாபிட்டைத் தாங்கும்.

அடுத்து ரவுட்டரைப் பாருங்கள். இணைய நிறுவனங்கள் தரும் சில பெட்டிகளில் ஒரு போர்ட் மட்டுமே கிகாபிட், மற்றவை 100தான். 'ஜிஇ' என்று குறித்திருப்பது கிகாபிட், 'எஃப்இ' என்று குறித்திருப்பது 100. நடுவில் பழைய 10/100 ஸ்விட்ச் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். ஒரு சிறிய நல்ல கேபிளால் கணினியை நேராக ரவுட்டரின் கிகாபிட் போர்ட்டில் இணைத்துச் சோதித்தால் பத்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். சரியானதும் 60 ஜிபி கோப்பு ஒன்றை ஏற்ற இப்போது ஆகும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் அரை மணியாகக் குறையும். இதற்கு ஆகும் செலவு ஒரு கேபிளின் விலை.

இனி டீமிங். இரண்டு லேன் இணைப்புகளை ஒன்றாகக் கட்டும் முறை 2000ஆம் ஆண்டிலேயே 802.3ஏடி என்ற பெயரில் தரப்படுத்தப்பட்டது. அது உண்மையான தொழில்நுட்பம்தான். ஆனால் ஒரு கோப்பை இரண்டாக வெட்டி இரண்டு கம்பிகளில் அனுப்புவது அதன் வேலையல்ல. அப்படி அனுப்பினால் தரவுப் பொட்டலங்கள் வரிசை மாறிச் சேர்ந்து குழப்பமாகும் என்பதால், ஒவ்வொரு தொடர்புக்கும் ஒரு கம்பியை ஒதுக்கி அதிலேயே முழுவதையும் அனுப்புகிறது. ஒரு குடும்ப அட்டைக்கு ஒரு ரேஷன் கடை என்று ஒதுக்கியிருக்கும்போது, தெருவில் இரண்டாவது கடை திறந்தாலும் உங்கள் வீட்டு அரிசியின் அளவு கூடாது. கூட்டம் மட்டும் பிரியும். நூறு பேர் ஒரே நேரத்தில் கோப்பு எடுக்கும் அலுவலக சர்வருக்குத்தான் அதனால் பயன். அதற்கும் மேலாக, உங்கள் வீட்டுக்குள் வருவதே 300தான். ஒரு கிகாபிட் கம்பியில் அதற்கு மூன்று மடங்குக்கும் மேல் இடம் இருக்கிறது.

உங்கள் விண்டோஸ் 11 இந்த வசதியைத் தருவதும் இல்லை. மைக்ரோசாஃப்ட் அதை 2012 முதல் சர்வர் பதிப்புகளுக்குக் கொடுத்திருக்கிறது. இன்டெல் தன் கார்டுகளுக்கெனக் கொடுத்துவந்த மென்பொருளும் விண்டோஸ் 11இல் ஆதரிக்கப்படுவதில்லை. இதைத் தெரியாமல் கார்டை விற்பவர்கள், கடைசியில் 'பிரிட்ஜ்' என்ற தேர்வை அழுத்திவிட்டு டீமிங் ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அது கணினியையே ஒரு ஸ்விட்சாக மாற்றும் வசதி; வேகத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை. சாதாரண ஸ்விட்சிலிருந்து ரவுட்டருக்கு இரண்டு கேபிள்கள் போட்டால் இன்னும் மோசம்: தரவு வட்டமாகச் சுற்றி வீட்டின் மொத்த நெட்வொர்க்கும் முடங்கிவிடும். இரண்டு போர்ட் கார்டுகளில் பழைய சர்வர்களிலிருந்து கழற்றியவையும், பிரபல நிறுவனத்தின் பெயரை அச்சிட்ட போலிகளும் பல ஆண்டுகளாக உலவுகின்றன என்பதையும் மனத்தில் வையுங்கள்.

ஒரே ஒரு சூழலில் இரண்டு லேன் போர்ட்டுகள் உங்களுக்கு உண்மையிலேயே உதவும். உங்கள் தொழிலுக்கு அது தேவைப்படலாம் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். வீட்டுக்குள் இரண்டாவது கணினியோ, கோப்புகளைச் சேமிக்கும் நாஸ் பெட்டியோ வைத்து, படப்பிடிப்புக் கோப்புகளை அங்கும் இங்கும் மாற்றுகிறீர்கள் என்றால், விண்டோஸின் கோப்புப் பகிர்வு முறையே இரண்டு கம்பிகளையும் தானாகப் பயன்படுத்திக்கொள்ளும். 2012இல் விண்டோஸ் 8உடன் வந்த 'எஸ்எம்பி மல்டிசேனல்' என்ற வசதி அது. இதற்கு டீமிங் வேண்டாம், விலையுயர்ந்த ஸ்விட்ச் வேண்டாம். சாதாரண கிகாபிட் ஸ்விட்ச் போதும். ஆனால் நிபந்தனைகள் உண்டு. இரண்டு முனைகளிலும் இரண்டிரண்டு போர்ட்டுகள் இருக்க வேண்டும். ஒரு முனையில் ஒன்றுதான் என்றால் அந்த ஒன்றின் வேகமே கிடைக்கும். போர்ட்டுகள் ஒரே வேகமுடையவையாக இருக்க வேண்டும்; ஒன்று 2.5 கிகாபிட், மற்றொன்று 1 கிகாபிட் என்றால் வேகமானதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். நாஸ் பெட்டியில் இந்த வசதியை அதன் அமைப்புகளில் இயக்கிவைக்க வேண்டியிருக்கலாம். எல்லாம் பொருந்தினால் நொடிக்கு 110 மெகாபைட் அளவில் நகர்ந்த கோப்பு 220ஐ ஒட்டி நகரும். அதுவும் இருபுறமும் எஸ்எஸ்டி இருந்தால்தான் முழுமையாகத் தெரியும். சுழலும் ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் அதற்கு முன்பே திணறிவிடும்.

அந்தத் தேவை உள்ளவருக்கும் நான் முதலில் சொல்வது 2.5 கிகாபிட் கார்டுகளைத்தான். 2016இல் தரப்படுத்தப்பட்ட இந்த வேகம் வீட்டிலுள்ள கேட் 5இ கேபிளிலேயே ஓடும். இரு முனைகளுக்கும் ஒவ்வொரு கார்டு, நடுவே ஒரே கேபிள், இரண்டு கிகாபிட் கம்பிகளைவிட அதிக வேகம்.

இரண்டு நிறுவனங்களின் இணைப்புகளை வாங்கிக் கூட்டலாமா என்பது நீங்கள் அடுத்து கேட்கக்கூடிய கேள்வி. இரண்டு வான் (WAN) போர்ட், அதாவது வெளியிலிருந்து வரும் இணைய இணைப்பைச் சொருகும் போர்ட் உள்ள ரவுட்டர், ஒன்று அறுந்தால் மற்றொன்றுக்கு மாற்றித் தரும். ஒரே கோப்பின் பதிவேற்றத்தை வேகப்படுத்தாது. இரண்டையும் கூட்டும் என்று விளம்பரம் செய்யும் இலவச மென்பொருள்களைத் தொடாதீர்கள். வெளியில் ஒரு சர்வர் இருந்து இரண்டு வழியாக வருவதையும் சேர்த்தால்தான் அது நடக்கும், உங்கள் தரவு முழுவதும் அந்த முன்பின் தெரியாத சர்வர் வழியாகவே போகும்.

கேபிளையும் போர்ட்டையும் மாற்றிச் சோதித்த பிறகும், ரவுட்டரின் எல்லாப் போர்ட்டுகளிலும் 100/100 என்றே காட்டினால் பெட்டியை மாற்றித் தரும்படி இணைய நிறுவனத்திடம் சொல்லுங்கள். அழைத்தவுடன் 'ரவுட்டர் வரை வேகம் சரியாக இருக்கிறது' என்று மனப்பாடமாகச் சொல்லி அழைப்பை முடிப்பார்கள். 300 மெகாபிட்டுக்கு மாதாமாதம் பணம் வாங்கிக்கொண்டு, அதைக் கேபிளில் தர முடியாத பெட்டியை வீட்டில் மாட்டிவிட்டு, பொறுப்பு ரவுட்டரோடு முடிந்தது என்று சொல்வதை யாரும் தட்டிக் கேட்பதில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிநபர் புகார்களை விசாரிப்பதும் இல்லை. அது உங்களை மீண்டும் அதே நிறுவனத்திடமே அனுப்பும். ஆகவே முதல் அழைப்பிலேயே புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்; இணைப்பு வேகம் 100/100 என்று காட்டும் ஸ்கிரீன்ஷாட்டையும் வைஃபையில் 280 வந்த சோதனையையும் மின்னஞ்சலில் இணைத்து அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால், அந்த எண்ணைக் குறிப்பிட்டு அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். அவருடைய முகவரியை வெளியிட வேண்டியது நிறுவனத்தின் கடமை. வாடிக்கையாளர் சேவையில் தர மறுத்தால் நிறுவனத்தின் இணையதளத்தில் தேடி எடுங்கள்.