நிலவுக்குப் போன பணமும் கடலுக்குப் போன படகும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கடலோர ஊரில் பள்ளி ஆசிரியை. சந்திரயான்-3 நிலவில் இறங்கிய மாலையில் மாணவர்களோடு உட்கார்ந்து பார்த்தேன், நானும் கைதட்டினேன். மறுநாள் எங்கள் பள்ளிக் கழிவறையில் தண்ணீர் இல்லை. இப்போது பக்கத்தில் குலசையில் (குலசேகரன்பட்டினத்தில்) இஸ்ரோவின் ராக்கெட் தளம் வருகிறது. என் மாணவர்களின் அப்பாக்களில் பெரும்பாலோர் கடல்தொழில் செய்பவர்கள். “டீச்சர், இதனால நமக்கு என்ன?” என்று ஒரு பையன் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. விண்வெளி ஆய்வை ஆதரித்து எழுதுகிறவர் என்பதால் உங்களிடம் கேட்கிறேன். இவ்வளவு பணம் தகுமா?

ஒரு வாசகி

அன்புள்ள டீச்சருக்கு,

தகும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் உங்கள் மாணவனின் கேள்வி என்னுடைய பதிலைவிடப் பெரியது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் பணக்கணக்கைப் பார்த்துவிடுவோம். 2024-25 மத்திய பட்ஜெட்டில் விண்வெளித் துறைக்கு ஒதுக்கியது சுமார் 13,000 கோடி ரூபாய். மொத்த பட்ஜெட் 48 லட்சம் கோடி. அதாவது அரசு செலவழிக்கும் ஒரு ரூபாயில் விண்வெளிக்குப் போவது கால் பைசாவுக்குச் சற்று மேல். அதே ஆண்டு உணவு மானியம் மட்டும் இரண்டு லட்சம் கோடிக்கு மேல். இஸ்ரோவை இழுத்து மூடிவிட்டு அந்தப் பணம் முழுவதையும் ரேஷனுக்குக் கொடுத்தாலும் மூன்று வாரம், மிஞ்சிப்போனால் இன்னும் சில நாள் ஓடும். சந்திரயான்-3க்கு ஆன 615 கோடியை மிச்சம் பிடித்திருந்தால் உங்கள் பள்ளிக் குழாயில் தண்ணீர் வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. மோட்டார் பழுதானால் யார் பார்ப்பது, எந்தக் கணக்கில் பணம் எடுப்பது என்பதற்கு யாரும் பொறுப்பேற்காததுதான் பல ஊர்களில் பிரச்சினை.

ஆனால் தொகை சின்னது என்பதால் மட்டும் ஒரு செலவு நியாயமாகிவிடாது. அந்தப் பணம் என்ன செய்தது என்று கேட்க வேண்டும். எனக்கு அது புரிந்தது புயல்களை வைத்துத்தான்.

1977 நவம்பரில் ஆந்திராவின் திவிசீமாவில் புயல் கரையேறியபோது குறைந்தது பத்தாயிரம் பேர் செத்துப்போனார்கள். அப்போது நம்மிடம் வானிலைச் செயற்கைக்கோள் கிடையாது. 1983இல் இன்சாட்-1பி செயற்கைக்கோள் போனது, அதன்பிறகு வங்காள விரிகுடாவில் எழும் சுழலை நாமே மேலிருந்து தொடர்ந்து பார்க்க முடிந்தது. இதோடு நிறுத்திக்கொண்டால் கதை அழகாக முடிந்துவிடும், விண்வெளி ஆதரவாளர்கள் பெரும்பாலும் இங்கேதான் நிறுத்துவார்கள். 1999 அக்டோபரில் ஒடிசாவில் பெரும்புயல் அடித்தது. செயற்கைக்கோள் இருந்தது, புயல் வருவதும் தெரிந்தது, அப்படியும் கிட்டத்தட்ட பத்தாயிரம் பேர் போய்விட்டார்கள். ஓடி ஒதுங்கப் போதுமான கட்டடங்கள் இல்லை, சேதி கிராமத்துக்குப் போய்ச் சேரவில்லை, அழைத்துப் போக வண்டி இல்லை. அதன்பிறகு அந்த மாநிலம் பேரிடருக்கென்று தனி அமைப்பு வைத்தது, கடற்கரை நெடுக புயல் பாதுகாப்புக் கட்டடங்கள் எழுப்பியது, ஊர் ஊராக ஆட்களைப் பழக்கியது. 2013 அக்டோபரில் ஃபைலின் புயல் அதே ஒடிசாவில் கோபால்பூர் பக்கம் கரையேறியபோது சுமார் பத்து லட்சம் பேரை முன்கூட்டியே அப்புறப்படுத்தியிருந்தார்கள். இறந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. எனக்கு இந்த நாட்டில் நடந்த மிகப் பெரிய நல்ல காரியங்களில் ஒன்று அது.

மேலே கண் இருந்தும் கீழே கை இல்லாததுதான் 1999இன் துயரம். அதே துயரம் 2017 நவம்பர் கடைசியில் உங்கள் பக்கத்திலேயே நடந்தது. ஒக்கி புயல் மிக வேகமாக வலுத்தது, எச்சரிக்கைக்கே நேரம் குறைவு. ஆனால் எச்சரிக்கை வந்தபோது குமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களிலிருந்து தங்கல் தொழிலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்க, போன விசைப்படகுகள் பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்டிருந்தன. படகில் இருக்கும் வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. கரையில் இருந்தவர்களுக்குப் புயல் தெரியும், கடலில் இருந்தவர்களுக்கு அது தலைக்கு மேல் வந்தபிறகுதான் தெரிந்தது. குமரியிலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான குடும்பங்களில் ஆண்கள் திரும்பவில்லை.

இதைச் சொல்ல எனக்கு இன்னும் கோபம் வருகிறது. செயற்கைக்கோள் வழியாக இருபுறமும் சேதி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் கருவியை இஸ்ரோ உருவாக்கியிருக்கிறது. படகிலிருந்து ஆபத்து என்று சொல்லலாம், கரையிலிருந்து புயல் என்று சொல்லலாம். ஒரு லட்சம் மீன்பிடி படகுகளுக்கு அதை இலவசமாகப் பொருத்தும் 364 கோடி ரூபாய் திட்டம் தொடங்கப்பட்டது 2024 ஆகஸ்டில். அந்தச் சேதியைச் சுமக்கும் ஜிசாட்-6 செயற்கைக்கோள் வானத்துக்குப் போனதோ 2015இல். அது முதலில் வேறு தேவைகளுக்காகப் போனது, உண்மைதான். ஆனாலும் ஒக்கிக்குப் பிறகு கிட்டத்தட்ட ஏழு ஆண்டு ஏன் ஆனது? படகு ஒன்றுக்கு நாற்பதாயிரம்கூட ஆகாத செலவு அது. ராக்கெட்டுக்குக் கொடுத்த பணம் வீணாவது இந்த மாதிரி இடத்தில்தான், கடைசி நாற்பதாயிரத்தைக் கொடுக்கத் தயங்கும் இடத்தில்.

சரி, இதெல்லாம் பூமியைப் பார்க்கும் செயற்கைக்கோள், நிலவுக்கு எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். நிலவால் உங்கள் ஊருக்கு நேரடியாக எந்தப் பயனும் இல்லை. இருப்பதாகச் சொல்ல நான் முயல மாட்டேன். விண்வெளி ஆய்வால்தான் டெஃப்லான் தோசைக்கல் கிடைத்தது என்றெல்லாம் வாட்ஸாப்பில் வரும், நம்பாதீர்கள். டெஃப்லானைக் கண்டுபிடித்தது 1938இல், நாசா தொடங்கியதே 1958இல்தான். 2008இல் நாம் அனுப்பிய சந்திரயான்-1இல் இருந்த நாசாவின் கருவி ஒன்று நிலவின் மண்ணில் தண்ணீரின் தடயத்தைக் கண்டது. அதுவரை நிலவு எலும்பாக உலர்ந்தது என்றுதான் பாடம் நடத்தினார்கள். இதை அறிவதற்கு ஏழை நாட்டுக் குழந்தைகளுக்கும் உரிமை உண்டு, அறிவதில் பங்கெடுக்கவும் உரிமை உண்டு. அதற்கு ஒரு நாடு சில நூறு கோடி கொடுப்பதை நான் மனதாரச் சரி என்பேன்.

மனிதனை அனுப்பும் ககன்யான் விஷயத்தில் எனக்கு அந்த உறுதி இல்லை. அதற்கான மொத்த ஒதுக்கீடு இப்போது 20,000 கோடியைத் தாண்டிவிட்டது. ஆளில்லாத கலங்கள் இவ்வளவு கற்றுத் தரும்போது, அதைவிடப் பல மடங்கு செலவில் ஆளை அனுப்புவதற்குப் பெருமையைத் தவிர வலுவான காரணம் எனக்கு இன்னும் அகப்படவில்லை. உங்கள் கேள்வியை அங்கே உரக்கக் கேளுங்கள், நானும் கூட இருக்கிறேன்.

அப்புறம் குலசை. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே துருவப் பாதைக்கு (பூமியின் இரு துருவங்களுக்கும் மேலாகச் சுற்றும் பாதை) அனுப்பும் ராக்கெட், இலங்கை மேல் பறக்காமல் இருக்க வளைந்து போக வேண்டியிருக்கிறது. அதில் எரிபொருள் போகிறது, சிறிய ராக்கெட்டுக்கு அந்த இழப்பு தாங்காது. குலசையிலிருந்து நேராகத் தெற்கே கடல்தான். அதனால் இடம் சரியான இடம். ஆனால் ஏவும் நாட்களில் குறிப்பிட்ட கடல்பகுதிக்குப் போகாதீர்கள் என்று அறிவிப்பு வரும், நாட்டுப்படகுக்காரருக்கு அது ஒரு நாள் கூலி. அந்த நாளுக்கு இழப்பீடு உண்டா, எவ்வளவு, யார் கையில் கொடுப்பார்கள் என்பதை முதல் ராக்கெட் கிளம்புவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

உங்கள் மாணவனிடம் ஒரு வேலை கொடுக்க முடியுமா? ஊரில் எத்தனை விசைப்படகில் அந்த டிரான்ஸ்பாண்டர் பொருத்தியிருக்கிறார்கள், எத்தனை வேலை செய்கிறது, அதில் சேதி அனுப்ப எத்தனை பேருக்குத் தெரியும் என்று வகுப்பாகப் போய்க் கேட்டு எழுதச் சொல்லுங்கள். எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், இங்கே அப்படியே வெளியிடுகிறேன். மீன்வளத் துறைக்கும் ஒன்று போகட்டும்.

அன்புடன்